பாரத்தைக் கயிற்றுச் சுற்றிடம் கொடுங்கள்

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், முதலில் கண்ணில் பட்டது வீடல்ல, மரங்கள்தான் என்று சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய நாங்கள் 2011 இல் வளவுக்குள் கால் வைத்தபோது, குசினி இருந்த இடத்தில் ஒரு வேம்பு நின்றது. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆல் நின்றது. கிணற்றுக்கட்டின் வெடிப்பில் அரசு முளைத்திருந்தது. மரத்தைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இல்லாத இருபத்தொரு வருடமும் அந்த வளவில் இருந்தது அதுதான்.

அப்போது கையிலிருந்த காசுக்கு ஏற்றபடி, வீடு கட்டும் இடத்தை மட்டுமே எல்லோரும் துப்புரவாக்கினோம். நிழலுக்கு என்றும், பிறகு பார்க்கலாம் என்றும் விட்ட மரங்கள் இன்று புது வீட்டின் கூரைக்கு மேலே கொப்பு நீட்டி நிற்கின்றன. இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவுடன் நகையை அடைவு வைத்தும் கடன்பட்டும் கட்டி முடித்த வீடுகள் இவற்றுட் பல. காய்ந்த ஒரு கொப்பு விழுந்தால் ஓடு மட்டும் உடைவதில்லை. ஆகவே இந்தக் கொப்புகளை எப்படிப் பத்திரமாக இறக்குவது என்ற கேள்வி எமக்குச் சில்லறை விடயமல்ல. இன்னும் உறவினர் வளவில் இருந்துகொண்டு தம் காணி விடப்படுவதைப் பார்த்திருப்போருக்கும் நாளை இதே வேலை காத்திருக்கிறது.

எமது ஊரில் இவ்வேலை நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மரத்தில் ஏறுவார். கொப்பில் கயிற்றைக் கட்டி, மேலேயுள்ள ஒரு கவரின் மேலாகப் போட்டு, மறு நுனியைக் கீழே விடுவார். கீழே நான்கைந்து பேர் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "பிடிச்சுக்கொள்ளுங்கோ!" என்று மேலிருந்து சத்தம் வரும். இயந்திர வாள் ஒலிக்கும். அதன்பின் நடப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எமது அயல் வளவில் அந்த அதிர்ஷ்டம் ஒருநாள் கைகொடுக்கவில்லை. வேம்பின் பெரிய கொப்பு முறிந்து தொங்கியதும் கீழே பிடித்த நால்வரும் முன்னே இழுபட்டார்கள். முதலில் நின்றவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். அவருக்கு விடவும் முடியவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. மற்றவர்கள் பயத்தில் விட்டுவிட, கொப்பு கிணற்றுக்கட்டில் விழுந்து ஒரு பக்கத்தைத் தகர்த்தது. அந்த மனிதர் அந்தப் போகத்தில் மண்வெட்டி பிடிக்கவில்லை. வெங்காயம் நடும் காலம் அது. கை இல்லாத கமக்காரனுக்கு அது எவ்வளவு நட்டம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர்கள் பலமற்றவர்கள் அல்லர். கணக்குத்தான் பிழை. பச்சை மரம் ஏறத்தாழத் தண்ணீர் அளவு பாரமானது என்று வைத்துக்கொண்டால் பெரிதும் பிழைக்காது. ஓரடி விட்டமும் ஆறடி நீளமும் கொண்ட குற்றி சுமார் 130 கிலோ வரும். சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ. அப்படியானால் இது இரண்டரைப் பைக்கு மேல். விட்டம் இரண்டடியானால் பாரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது: சுமார் 530 கிலோ. கொப்பு "கொஞ்சம் மொத்தம்" என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் இடத்தில்தான் ஆட்கள் அகப்படுகிறார்கள். நின்ற நிலையில், வழுக்கும் கயிற்றை ஒருவர் வெறுங்கையால் பிடித்து நிறுத்தக்கூடியது என் கணிப்பில் 20 அல்லது 25 கிலோதான். ஐந்து பேர் நின்றாலும் எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே அளவு இழுப்பதில்லை.

இதற்கு வழி ஆட்களைக் கூட்டுவதல்ல. கயிற்றை ஒரு கட்டையில் சுற்றுவது. துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தை ஓர் இரும்புக் கட்டையில் சில சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சீவல் தொழிலாளி காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு பனையில் ஏறுவதும் உராய்வை நம்பித்தான். கயிறு கட்டையைச் சுற்றிச் செல்லும்போது ஒவ்வொரு சுற்றும் பாரத்தின் பெரும் பங்கைத் தானே தின்றுவிடுகிறது. மிச்சம்தான் கைக்கு வருகிறது.

எவ்வளவு தின்கிறது? 18 ஆம் நூற்றாண்டிலேயே ஒயிலர் என்ற சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். அதன் சிறப்பு என்னவென்றால் சுற்றுகள் கூட்டலாக வேலை செய்வதில்லை, பெருக்கலாகச் செய்கின்றன. வழுவழுப்பான இரும்புக் குழாயில் ஒரு முழுச் சுற்று பாரத்தை ஏறத்தாழ மூன்றரையில் ஒரு பங்காக்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று பன்னிரண்டில் ஒரு பங்காக்கும். மூன்று சுற்று நாற்பதில் ஒரு பங்கிற்கும் கீழே கொண்டுபோகும். நான் சொன்ன 130 கிலோக் குற்றியை இரண்டு சுற்றில் 11 கிலோ இழுவையால் ஒருவர் நிறுத்திவிடலாம். 530 கிலோக் குற்றிக்கு மூன்று சுற்றில் 12 கிலோ போதும். கயிற்றுக்கும் கட்டைக்கும் ஏற்ப இந்த எண்கள் கூடிக் குறையும். ஆனால் போக்கு இதுதான். குழாயின் பருமன் கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பங்கு மாறாது. எத்தனை முறை சுற்றியது என்பதுதான் பேச்சு.

இதை எனக்குக் காட்டியவர் வவுனியாப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு வயோதிபர். எங்கள் குசினி வேம்பை இறக்க வந்தவர், முதல் அரை மணித்தியாலம் மரத்தைப் பார்க்கவேயில்லை. வளவில் தறித்துவிட்டிருந்த ஒரு பனங்குற்றியைச் சுற்றி நடந்து, அது ஆடுகிறதா என்று தள்ளிப் பார்த்தார். பிறகு அதிலே கயிற்றை இரண்டு சுற்றுப் போட்டார். நான் பழக்கத்தில் மூன்று பேரைக் கூப்பிடப் போனேன்.

"ஆக்கள் வேண்டாம் தம்பி. கயிறு பிடிக்கிறது நாங்களில்லை, இந்தக் குற்றிதான். நான் விட்டுக் குடுக்கிற ஆள் மட்டும்."

கொப்பு முறிந்தது. கயிறு குற்றியில் கிறீச்சிட்டது. அவர் ஒரு கையால் கயிற்றை ஊட்டிக்கொண்டே போனார். கொப்பு ஆடி ஆடி வந்து, ஆடு படுப்பதுபோல நிலத்தில் படுத்தது.

"விட்டுக் குடுக்கிற ஆள்" என்று அவர் சொன்னதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. எம்மவர் பலர் இறுகப் பிடிப்பதையே திறமை என்று நினைக்கிறார்கள். சுற்று முறையைக் கேள்விப்பட்டதும் பயத்தில் நாலு சுற்று, ஐந்து சுற்றுப் போட்டுவிடுவார்கள். அதுவும் பச்சை மரத்தின் சொரசொரப்பான பட்டையில். பட்டையில் உராய்வு இரும்பை விட அதிகம். கயிறு ஓடவே மாட்டாது. வெட்டுப்பட்ட துண்டு ஒரு கணம் விழுந்து, சடாரென்று நின்றுவிடும். இந்தச் சடார் எவ்வளவு பொல்லாதது என்பதையும் கணக்கில் பாருங்கள். 130 கிலோத் துண்டு ஒரு மீற்றர் விழுந்து, அடுத்த 20 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால், கயிற்றில் வரும் இழுவை சராசரியாக ஆறு மடங்கு, அதாவது 780 கிலோ. உச்சக் கணத்தில் அதற்கும் மேல். அதே துண்டை இரண்டு மீற்றர் ஓடவிட்டு மெதுவாக நிறுத்தினால் ஒன்றரை மடங்குதான், 195 கிலோ. கயிறும் ஒன்று, மரமும் ஒன்று. வித்தியாசம் கீழே நிற்பவரின் கையில் இருக்கிறது. மேலே இருப்பவரோ அதே தண்டில் தன்னைக் கட்டிக்கொண்டிருப்பவர். கீழே சடாரென்று நிறுத்தினால் தண்டு சாட்டைபோல ஆடும். அவருடைய உயிர் அந்த ஆட்டத்தில் தொங்குகிறது. ஆகவே கயிறு பிடிக்கும் வேலையை, கூலிக்கு வந்த சின்னப் பெடியனிடம் கொடுக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மரம் ஏறுபவருக்கு அடுத்த அனுபவசாலி அங்கே நிற்கவேண்டும்.

ஓடவிடக் கீழே இடம் வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூரைக்கு நேர் மேலே இரண்டு மீற்றர் ஓடவிட முடியாது. அங்கே துண்டைச் சிறிதாக்கவேண்டும். கயிறு போகும் இடம் வெட்டுமிடத்திற்கு மேலே இருக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்னரே கயிற்றை இறுக்கி வைத்தால் துண்டு விழாமல் தொங்கும். நேரம் எடுக்கும், உண்மைதான். ஓடு மாற்றும் நேரத்தை விடக் குறைவு.

கப்பியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கிணற்றில் கப்பி போட்டுத் தண்ணீர் அள்ளிப் பழகிய நாங்கள், மரத்தில் கப்பி கட்டினால் பாரம் குறையும் என்று நம்புகிறோம். மேலே நிலையாகக் கட்டிய ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. கவரின் மேலாகக் கயிறு போனால் அந்தக் கவராவது உராய்ந்து கொஞ்சம் பாரத்தை எடுத்துக்கொள்ளும். நன்றாகச் சுழலும் கப்பியோ முழுவதையும் கீழே அனுப்பிவிடும். அதுமட்டுமல்ல. ஒரு பக்கம் கொப்பின் பாரம், மறு பக்கம் அதை நிறுத்தும் இழுவை, இரண்டும் சேர்ந்து கப்பி கட்டிய இடத்தில் ஏறத்தாழ இரு மடங்கு பாரத்தை ஏற்றும். உள்ளே உக்கிய கொப்பில் கப்பி கட்டுபவர் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். கப்பி நல்ல கருவிதான். அடியில் சுற்றுக் கட்டை இல்லாமல் அதை மட்டும் வாங்குவது பிரேக் இல்லாத சைக்கிளுக்கு எண்ணெய் போடுவது போன்றது.

வெளிநாடுகளில் இதற்கென்றே செய்த உருக்குச் சாதனங்கள் உண்டு. மொத்தமான ஒரு குழாய், அதிலே கயிறு நழுவாதபடி கொம்புபோல் நீட்டிய கம்பிகள், மரத்தின் அடியில் கட்டுவதற்கு ஒரு வளையம். பார்வைக்கு அவ்வளவுதான். போட்டா றப் என்ற பெயரில் விற்கப்படுவது அவற்றுள் பிரபலமானது. அடிமரத்தைச் சுற்றுவதை விட இதில் சில நன்மைகள் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு உராய்வு கிடைக்கும். கயிற்றின் நுனியைத் தேடாமல் நடுக்கயிற்றிலேயே சுற்றைப் போடலாம், எடுக்கலாம். நிற்கப்போகும் மரத்தின் பட்டை காயப்படாது. உராய்வால் வரும் சூட்டையும் இரும்பு வாங்கிக்கொள்ளும். சுழற்றிப் பாரத்தை மேலே தூக்கக்கூடிய பெரிய வகைகளும் இருக்கின்றன. உச்சியில் தொங்கவிடும் துளைகள் கொண்ட அலுமினியக் கட்டைகளும் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. உச்சியிலேயே உராய்வு கிடைப்பதால், கப்பிக்குச் சொன்ன அந்த இரு மடங்குப் பாரம் அங்கே குறைகிறது. பிரித்தானியாவின் அரச பாதுகாப்பு நிறுவனம் மரங்களைக் கயிற்றால் இறக்கும் முறைகள் பற்றி 2008 இல் தனியொரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. அங்கே இது படித்துச் செய்யும் தொழில். இங்கே இன்னும் துணிந்தவன் செய்யும் தொழிலாகவே இருக்கிறது.

சந்தியிலுள்ள ஒட்டுவேலைக் கடையில் பழைய குழாயைக் கொடுத்து இப்படி ஒன்றைச் செய்வித்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். என் கருத்து, வேண்டாம். மெல்லிய குழாய் நெளியும். ஒட்டிய இடத்தின் கூர் கயிற்றை அறுக்கும். கம்பி பிடுங்கினால் அது துவக்குச் சன்னம்போலப் பறக்கும். நல்லது வாங்க வழியில்லையானால் உறுதியான அடிமரமோ ஆடாத குற்றியோ போதும். அதிலே முதலில் சிறிய கொப்பொன்றை இறக்கி, கயிறு எப்படி ஓடுகிறது என்று பார்த்து, பிறகு சுற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். பலாவிலும் ஆலிலும் பால் கயிற்றில் ஒட்டி உராய்வை மாற்றும். மழை ஈரமும் மாற்றும். நேற்றுச் சரியாக இருந்த சுற்று இன்று சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. பாரம் விழுந்த பிறகு சுற்றின் தொகையை மாற்றுவது ஆபத்து. முடிவு வெட்டுக்கு முன்னரே எடுக்கப்படவேண்டும்.

கயிற்றிலும் எமக்கு ஒரு பொறி இருக்கிறது. கடையில் நாம் "நைலோன் கயிறு" என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் நைலோனே அல்ல. ஒரு சாண் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பொலிபுறோப்பிலின் அல்லது பொலித்தீன் வகை. தாழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர். மிதக்கும் பொலிபுறோப்பிலின் சுமார் 165 பாகை செல்சியசில் உருகிவிடும். பொலித்தீன் வகை அதற்கும் முன்னரே உருகும். பொலியெஸ்ரர் 250 பாகையைத் தாண்டியும் நிற்கும். கயிறு வேகமாக ஓடும்போது சுற்றில் உண்டாகும் சூடு சாதாரணமானதல்ல. மேற்பரப்பில் பளபளவென்று உருகிய தடம் கண்டால் அந்தக் கயிறு இனி மாடு கட்டத்தான். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் கயிறு தாங்கும் என்று சொல்லப்படும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை. கயிறு பிடிப்பவர் கையுறை போட்டுக்கொண்டு, கொப்பு வரும் இடத்திற்கு வெளியே நிற்கவேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது. காலடியில் சுருள் கிடக்கவும் கூடாது.

எமது காணிகளுக்கே உரிய இன்னொன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தாத நிலத்தை ஒட்டி நிற்கும் மரத்தில் கை வைக்க வேண்டாம். கயிற்றால் இறக்கினால் கொப்பு எங்கே படும் என்பது எமக்குத் தெரியும் என்றாலும், அறுந்தால் தெரியாது. ஷெல் துண்டு பாய்ந்த மரங்களும் உண்டு. பட்டையில் பழைய தழும்பு கண்டால் அந்த இடத்தில் வாளை வைக்க வேண்டாம். சங்கிலி அறுந்தால் மரத்தில் இருப்பவர் முகத்தில்தான் அடிக்கும். பலா, ஈரப்பலா, பனை போன்றவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். "கூலி வேண்டாம், விறகை மட்டும் தாருங்கோ" என்று வருபவரிடம் வீட்டுக்கு மேலே நிற்கும் மரத்தைக் கொடுக்கக்கூடாது. அவருக்குத் தேவை விறகு. சீக்கிரம் விழுந்தால் அவருக்கு இலாபம். ஒரு பழைய கயிறும் ஒரு வாளும் கொண்டு வருவார். ஓடு உடைந்தால் "மரம் திரும்பிப் போச்சுது அம்மா" என்பார். ஆண் துணையில்லாமல் குடும்பம் நடத்தும் பெண்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை என்ற துணிவு. வருபவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கயிற்றை எதில் சுற்றப் போகிறீர்கள்? யார் பிடிக்கப் போகிறார்? "நாலு பேர் பிடிப்பம்" என்பது பதிலானால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தனிக் குடும்பம் ஒன்றால் நல்ல கயிறும் சாதனமும் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு எதற்கு? ஆனால் நீர் இறைக்கும் இயந்திரத்தையும் மருந்து தெளிகருவியையும் பொதுவில் வைத்திருக்கும் கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இதையும் வைத்திருக்கலாம். தாழும் கயிறு ஒன்று, கப்பி ஒன்று, உருக்குச் சாதனம் ஒன்று, தலைக்கவசம் சில. முக்கியமாக, அதைப் பாவிக்கப் பழகிய இரண்டு பேர். அவர்களுக்கு நாட்கூலி கொடுங்கள். சாதனத்தை மட்டும் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் பூட்டி வைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு என்பதால் இதை வற்புறுத்துகிறேன். கருவிக்குக் காசு தேடுவதை விட ஆளைப் பழக்குவது கடினம், அதையே முதலில் செய்யவேண்டும்.

அந்த வயோதிபர் இப்போது மரம் ஏறுவதில்லை. மகன் ஏறுகிறார், அவர் கீழே கயிறு விட்டுக் கொடுக்கிறார். எங்கள் கிணற்றுக்கு மேலே ஒரு புளி இன்னும் நிற்கிறது. அதன் வடக்குக் கொப்பு போன வருடக் காற்றில் வெடித்துவிட்டது. கிணற்றுக்குள் ஒரு சுள்ளிகூட விழக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மாரி மழைக்கு முன் வருவதாகச் சொன்னார். குற்றி உக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். நான் போய்த் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை.